கம்பம் நகராது

எங்கள் வீடு நகர்ந்துவிட்டது என்று நீர்வழிக் கண்காணிப்பு அலுவலகம் தெரிவித்தபோது நான் அந்த வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுவர் குலுங்கவில்லை, அடுப்பில் இருந்த பால் தளும்பவில்லை, அலமாரி மேல் தூங்கிய பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஆனாலும் வீடு நகர்ந்து நீர்வழிக்குள் நுழைந்துவிட்டது, இது ஆக்கிரமிப்பு, ஒரு மாதத்துக்குள் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் இடிக்கப்படும் என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். முத்திரைக்கு முன்னால் என் கண்ணுக்கு என்ன மரியாதை? எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது.

நானும் என் மனைவியும் சலவைக்கடை நடத்துகிறோம். முன்னறை கடை, நடு அறைகள் வீடு, பின்னறையில் பாய்லரும் இஸ்திரி மேசைகளும். அதற்கும் பின்னால் கொல்லை. கொல்லை முடிகிற இடத்தில் உப்பங்கழி. கடல் ஏறினால் அதுவும் ஏறும், கடல் இறங்கினால் அதுவும் இறங்கும். மற்றபடி யார் வம்புக்கும் போகாத தண்ணீர். நாங்கள் குடிவந்த புதிதில் கொல்லையில் கல்தூண் நட்டு, துணி காயப்போட ஆறு கொடிகள் கட்டினோம். முதல் கொடி கழியோரத்தில், ஆறாவது பின்னறை ஜன்னலுக்கு வெளியே.

முதலில் ஒரு படுக்கை விரிப்பின் ஓரம் நனைந்தது. கொடியை ஒழுங்காக இழுத்துக் கட்டத் தெரியாத ஆள் என்று மனைவி என்னைத் திட்டினாள். இழுத்துக் கட்டினேன். அப்புறம் ஒரு தலையணை உறைக்குள் நண்டு ஏறிக்கொண்டு, நேராக வாடிக்கையாளர் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் போய்த்தான் இறங்கியது. அதற்கும் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு ஒருநாள் பார்க்கிறோம், முதல் கொடியின் கல்தூண் தண்ணீருக்கு நடுவே நிற்கிறது, அதன் தலையில் ஒரு மீன்கொத்தி சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. என்றைக்கு நாங்கள் இரண்டாம் கொடிக்கு வந்தோம், என்றைக்கு மூன்றாவதற்கு வந்தோம் என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. கழி ஏறியதை நாங்கள் பார்க்கவே இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னால் நடந்ததுதான் நினைவிருக்கிறது.

ஐந்தாம் கொடியும் நனைந்தபோது மனைவி கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு கொடிதான் பாக்கி. அதுக்கப்புறம் பாய்லர். பாய்லர் முங்கினா கடை போச்சு. கடை போச்சுன்னா நாம எங்க போறது, உங்க அக்கா வீட்டுக்கா? போய் அந்த ஆபீசுல ஒரு கரைச்சுவர் கேளுங்க."

என் அக்கா வீட்டுக்குப் போவதைவிடக் கழிக்குள் போவது எனக்கும் மேலாகவே பட்டது. கிளம்பினேன்.

நீர்வழிக் கண்காணிப்பு அலுவலகம் எங்கள் தெருவின் கடைசியில் அதே கழியைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே எல்லா மேசைகளும் செங்கல் மேல் நின்றன. அலமாரிகளில் கீழ்த்தட்டு இரண்டும் காலி. கோப்புகள் எல்லாம் மூன்றாம் தட்டிலிருந்து தொடங்கின. ஊழியர்கள் நாற்காலிக் கட்டையில் பாதங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் என்னை அன்பாகவே உட்காரச் சொன்னார்.

"தண்ணி ஏறுதா? சரி. எப்ப ஏறிச்சு?"

"கொஞ்சம் கொஞ்சமா சார்."

அவர் முகம் வாடிவிட்டது. "கொஞ்சம் கொஞ்சமான்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதேங்க. திடீர்னு ஏறினா அவசரப் பிரிவு. ஏறவே இல்லைன்னா பராமரிப்புப் பிரிவு. நடுவுல எங்களுக்குப் பிரிவே கிடையாது. நீங்க நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஒரே நாள்ல ஏறின மாதிரி ஏதாவது ஞாபகம் வருதா?"

"இல்லைங்களே சார்."

"அப்ப ஏறல." அவர் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வரைபடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே நேர்க்கோடு. "ஆபீஸ் திறந்த நாள்லருந்து கழியோட மட்டம். நாள் தவறாம எடுத்த வாசிப்பு. எங்கயாவது ஏறியிருக்கா, நீங்களே சொல்லுங்க."

ஏறவில்லைதான். அவ்வளவு ஒழுக்கமான தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. "மேசைக்கடியில செங்கல் எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். அன்றுதான் பார்க்கிறார் என்று தோன்றியது. "அது எப்பவும் இருக்கிறதுதானே," என்றார்.

அந்த நேர்க்கோட்டின் ரகசியம் எனக்குக் கம்பக்காரர் மூலம்தான் விளங்கியது. கம்பக்காரர் என்பவர் அந்த அலுவலகத்தில் அளவுக்கம்பத்தைப் பார்த்துக்கொள்கிற ஊழியர். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட, ஓர் ஆள் உயர இரும்புக் கம்பம் அது. தினமும் காலையில் வந்து தண்ணீர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். தங்கமான மனிதர், காலில் அலுவலகம் கொடுத்த பளபளப்பான தோல் சப்பாத்து. எங்கள் முதல் கொடியை ஒட்டித்தான் அந்தக் கம்பம் முதலில் நின்றது. மறுநாள் காலை பார்த்தால் அவர் அதைப் பிடுங்கித் தோளில் சுமந்துகொண்டு எங்கள் கொல்லைக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"இடந்தாங்க. வாசிப்பு எடுக்கிறவர் சப்பாத்து நனையக்கூடாதுன்னு விதி. சப்பாத்து ஆபீஸ் சொத்து பாருங்க. நனைஞ்சா கம்பத்தைப் பிடுங்கி, நனையாத இடமாப் பாத்து நடணும். அதுவும் பழைய வாசிப்பு வர்ற மாதிரி நடணும், இல்லைன்னா கணக்கு இடிக்கும்."

எனக்குத் தலை சுற்றியது. "அப்ப கம்பம் நகர்ந்துக்கிட்டே வருதே!"

அவர் காயப்பட்டுப் போனார். "கம்பம் எப்படிங்க நகரும்? நான் பிடுங்குறேன், நான் நடுறேன். தானா நகர்றதுக்கு அது என்ன நண்டா?"

அன்று கடல் கொஞ்சம் கூடுதலாக ஏறியிருந்தது. கொல்லையில் சப்பாத்து நனையாத இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. பாவம், கம்பத்தோடு எங்கள் பின்கதவு வழியாக உள்ளே வந்து, பாய்லரைச் சுற்றி, சமையலறையைத் தாண்டி, மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, முன்கதவு வழியாக வெளியே போனார். தெருவோரச் சாக்கடையில் கழித்தண்ணீர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே நட்டார். பழைய வாசிப்பு அச்சாக வந்தது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம், எங்களுக்குக் கையெல்லாம் ஆட்டிவிட்டுப் போனார்.

கம்பத்துக்குத் தண்ணீர்ப் பக்கம் இருப்பதெல்லாம் நீர்வழி என்பது அந்த அலுவலகத்தின் விதி. எங்கள் வீடு இப்போது கம்பத்துக்குத் தண்ணீர்ப் பக்கம் இருந்தது. மறுவாரமே அந்த முத்திரைக் காகிதம் வந்து சேர்ந்தது.

விளக்கம் கொடுக்க இந்தத் தடவை மனைவியும் வந்தாள். கூடவே அவள் தம்பியும் ஒட்டிக்கொண்டான். ஒரு பழைய தோணியை வைத்துக்கொண்டு கழியில் தூண்டில் போடுவதைத் தவிர வேறெந்த வேலைக்கும் அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை.

"சார், நாங்க எங்கயும் நகரல," என்று நான் கெஞ்சினேன். "கம்பத்தைத்தான் நகர்த்தி நட்டாங்க."

கண்காணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். "பாருங்க, எங்க பதிவுல கம்பம் ஒரு தடவைகூட நகரல. நகர்ந்திருந்தா வாசிப்பு மாறியிருக்கணும். மாறல. போன வருஷம் உங்க வீடு கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. இப்ப இந்தப் பக்கம் இருக்கு. கம்பமும் நகரல, தண்ணியும் ஏறலைன்னா, மீதி என்ன? வீடுதான் நகர்ந்திருக்கு. நான் உங்களைக் குத்தம் சொல்லல. வயசான வீடுங்க அப்படித்தான்."

இடிப்பதற்கு ஆள் வரும் தேதியை அவர் சுவர் நாட்காட்டியில் தேட ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கியது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பின்னறையின் ஒவ்வொரு கூரை ஓடும் நானும் அவளும் ஏணியில் மாறி மாறி ஏறிப் போட்டது.

மனைவி மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "சார், தண்ணிக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் இடிப்பீங்களா?"

"எல்லாத்தையும் எப்படிம்மா? நீர்வழிக்குள்ள இருக்கிறது ரெண்டே வகை. நகராம நின்னா ஆக்கிரமிப்பு, இடிப்போம். நகர்ந்தா படகு, உரிமம் குடுப்போம்."

"எங்க வீடு நகர்ந்துச்சுன்னு இப்பத்தான் சொன்னீங்க."

"ஆமா."

"அப்ப அது படகுதானே?"

அறையில் பேனா ஓடுகிற சத்தம் நின்றது. கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தை எடுத்தார், புரட்டினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் புரட்டினார். வீடு நகரவில்லை என்று சொன்னால் கம்பம் நகர்ந்தது என்றாகிவிடும். கம்பம் நகர்ந்தது என்றால் சுவரில் இருக்கிற நேர்க்கோட்டை என்ன செய்வது? அவர் படுகிற பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில், "படகுப் பிரிவு மாடியில இருக்கு," என்றார்.

அடுத்த வாரம் படகைச் சோதனை போட இரண்டு ஊழியர்களோடு அவரே வந்தார். நாங்கள் விதிப்படி எல்லாம் தயார் செய்திருந்தோம். வாசலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்துப்போய், பச்சைப் பக்கம் வெளுத்த துணி, சிவப்புப் பக்கம் அழுக்குத் துணி என்று தாங்களாகவே வரிசை கட்ட ஆரம்பித்தார்கள். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு நான் இஸ்திரி போட்டேன், வியர்த்துக் கொட்டியது.

"நங்கூரம் எங்கே?"

மைத்துனன் கயிற்றில் கட்டிய எங்கள் பழைய இஸ்திரிப்பெட்டியைக் காட்டினான். ஓர் ஊழியர் தூக்கிப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு சார்," என்றார்.

"ஊதுகுழல்?"

மனைவி பாய்லரின் ஆவியைத் திறந்துவிட்டாள். பூனை அலமாரியிலிருந்து குதித்துத் தெருவுக்கே ஓடிவிட்டது. கண்காணிப்பாளர் காதைப் பொத்திக்கொண்டு, திருப்தி என்று குறித்துக்கொண்டார்.

"அதிகபட்ச வேகம்?"

மனைவி தயங்கவே இல்லை. "வருஷத்துக்கு ஒரு துணிக்கொடி சார்."

"ரொம்ப மெதுவால்ல இருக்கு?"

"துவைச்ச துணி இருக்கிற படகு சார். வேகமாப் போனா கசங்கிடும்."

அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம் இஸ்திரி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மனைவிக்கு கேப்டன் பரீட்சை வைத்தார். எனக்கு வைக்கவில்லை. இந்த வீட்டில் யார் கேப்டன் என்று கண்டுபிடிக்க எந்த அலுவலகத்துக்கும் அதிக நேரம் ஆகாது.

"முதல் கேள்வி. தண்ணி ஏறும்போது கேப்டன் முதல்ல செய்ய வேண்டியது என்ன?"

"ஏறுதுன்னு ஒத்துக்கணும்," என்றாள் மனைவி.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். "அப்படி இங்க போடலையே. அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும்னுதான் இருக்கு."

"தெரிவிச்சோம் சார். தெரிவிச்சதுனாலதான் இப்ப வீட்டுக்குள்ள கேப்டனா நிக்கிறேன்."

அவர் நியாயமான மனிதர்தான். யோசித்துவிட்டு அரை மார்க் போட்டார். மீதிக் கேள்விகளில் அவள் எப்படியோ தேறிவிட்டாள். நான் உதவி கேப்டன், மைத்துனன் மாலுமி. அவன் வாழ்க்கையில் வாங்கிய முதல் பதவி அது. "மாமா, இனிமே என்னை வெட்டிப்பயன்னு சொல்லாதீங்க, சட்டப்படி தப்பு," என்று அன்றைக்கே என்னை எச்சரித்தான்.

உரிமம் வந்த பிறகுதான் கூத்தே. உரிமம் பெற்ற படகு பாதுகாப்பாக நிற்பதற்குக் கருங்கல்லில் துறை கட்டித் தருவது அலுவலகத்தின் கடமையாம். வீட்டைக் காப்பாற்ற ஒரு சுவர் கேட்டு நான் போனபோது, தண்ணீர் ஏறவே இல்லை என்று திருப்பி அனுப்பியவர்கள், படகு என்றதும் கல்லும் ஆளுமாக வந்து இறங்கிவிட்டார்கள். ஐந்தாம் கொடிக்கும் ஆறாம் கொடிக்கும் நடுவில், என் மார்பு உயரத்துக்கு, இரண்டு பக்கமும் வளைத்துக் கட்டிய அருமையான சுவர். மனைவி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "சுவர்னு சொல்லாதீங்க, துறைன்னு சொல்லுங்க," என்று என் வாயையும் அடைத்துவைத்தாள்.

துறைத் திறப்பு விழா அலுவலக முற்றத்தில் நடந்தது. தெருவே போய் உட்கார்ந்திருந்தோம். நேரம் பார்த்து விழா வைக்கிற வழக்கம்தான் யாருக்கும் இல்லையே, கடல் ஏறுகிற நேரத்தில் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் சுவர் வந்துவிட்டதால் தண்ணீர் சாக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு நேராக அங்கேதான் வந்தது. கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"தண்ணீர் ஏறுகிறது என்று சிலர் வதந்தி பரப்புகிறார்கள். பெருமையோடு சொல்கிறேன், இந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து நம் கழி ஒரு விரல்கூட ஏறியதில்லை! இப்படி ஒரு நிலையான தண்ணீரை நீங்கள் வேறு எங்கும் பார்க்க முடியாது. இதற்கு முழுக்காரணம் எங்கள் ஊழியர்களின் உழைப்பு. அவர்கள் ஒருநாள் அசந்திருந்தாலும் கம்பத்தில் தண்ணீர் ஏறியிருக்கும்!"

எல்லோரும் கைதட்டினோம். முன்வரிசைக்காரர்கள் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஊழியர்கள் பழக்கப்பட்டவர்கள், பாதங்கள் தாமாகவே நாற்காலிக் கட்டைக்கு ஏறிவிட்டன. அவர் பேச்சின் இரண்டாம் பாதி நிலையான தண்ணீரின் எதிர்காலம் பற்றி. அதற்குள் ஒரு வாடகை நாற்காலி மெல்ல மிதந்து மேடைப் பக்கம் போய்விட்டது. மாலுமி எழுந்து போய் அதைப் பிடித்து நிறுத்தினான்.

அதற்குப் பிறகு கம்பக்காரருக்குத்தான் கஷ்டகாலம். எங்கள் வாசலில் நட்டிருந்த கம்பம் துறைக்கு இடைஞ்சல் என்று கேப்டன் ஆட்சேபம் தெரிவித்துவிட்டாள். அவர் கம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நனையாத இடம் தேடித் தெருவோடு நடந்தார். தையல்காரர் வாசலில் நனைந்தது, மருந்துக்கடை வாசலில் நனைந்தது. கடைசியில் தன் அலுவலகத்தையே சுற்றிக்கொண்டு போய், அதன் பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற மேட்டில் நட்டார். வாசிப்பு அச்சாக வந்தது.

மறுவாரம் ஒரு மத்தியான வேளை. நான் கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், கண்காணிப்பாளர் கடை வாசலில் வந்து நிற்கிறார். பேன்ட் முழங்கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கம்பக்காரர் கம்பத்தோடு பின்னால் நின்றார். தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கண்காணிப்பாளர் தாழ்ந்த குரலில் என் மனைவியிடம் பேசினார்.

"அம்மா, எங்க ஆபீஸ் நகர்ந்து நீர்வழிக்குள்ள வந்துடுச்சு."

"அடடா. யாரு சொன்னாங்க?"

"நான்தாம்மா. ஆக்கிரமிப்புன்னு எனக்கு நானே நோட்டீஸ் அனுப்பிட்டேன். விதி அப்படி, அனுப்பாம இருக்க முடியாது. விளக்கம் கேக்க நேத்து என்னை நேர்ல வரச்சொல்லியிருந்தேன், போனேன். என்னாலேயே எனக்குப் பதில் சொல்ல முடியல." அவர் பேன்ட்டின் ஓரத்தைப் பிழிந்துவிட்டார். "படகுன்னு மாத்தலாம்னா, கேப்டன் வேணும். எங்க ஆபீசுல ஒருத்தருக்கும் அந்தப் பரீட்சை தெரியாது. நீங்க கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மிதவைச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மனைவி சிரிக்கவில்லை. பின்னறைக்குக் கூட்டிப்போய், முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள், துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தாள்.

"முதல் கேள்வி சார். தண்ணி ஏறும்போது கேப்டன் முதல்ல செய்ய வேண்டியது என்ன?"

அவர் தன் பேன்ட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கழியைப் பார்த்தார், சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாகத் தண்ணீரில் நின்ற எங்கள் கல்தூண்களைப் பார்த்தார். கம்பக்காரரைப் பார்த்தார். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுதுன்னு ஒத்துக்கணும்," என்றார் கண்காணிப்பாளர்.

"சத்தமாச் சொல்லுங்க."

"ஏறுதும்மா! ஏறுது! ரொம்ப நாளா ஏறுது!"

பூனைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. மனைவி தலையசைத்தாள். "அதுக்கு அரை மார்க் சார். நீங்கதான் போட்டீங்க."

"மீதி அரை மார்க்குக்கு?"

"கம்பத்தை எடுத்துக்கிட்டுப் போய் முதமுதல்ல எங்க இருந்துச்சோ அங்க நடுங்க. எங்க முதல் கொடி பக்கத்துல."

மாலுமி தோணியைக் கொண்டுவந்தான், கண்காணிப்பாளர் ஏறி உட்கார்ந்தார். கம்பக்காரர் கரையில் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். நானும் மனைவியும் சுவரோரம் நின்று பார்த்தோம். மீன்கொத்தி உட்கார்ந்திருந்த தூணுக்குப் பக்கத்தில் கம்பத்தை இறக்கினார்கள். கட்டம் கட்டமாக உள்ளே போனது. நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஓர் ஆள் உயரக் கம்பத்தில் கடைசியில் ஒரே ஒரு கறுப்புக் கட்டம் வெளியே தெரிந்தது. கண்காணிப்பாளர் தோணியில் உட்கார்ந்தபடி கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கம்பக்காரரிடம், "அந்த நேர்க்கோட்டைச் சுவர்லருந்து எடுத்துடச் சொல்லு," என்றார்.

பழைய தோணி ஒழுகியதில், திரும்பி வந்தபோது அவர் இடுப்பு வரை நனைந்திருந்தார். கொல்லையில் இறங்கியதும் ஒரு மாதிரி வெட்கத்தோடு மனைவியைக் கேட்டார், "முழு மார்க்தானேம்மா?"

"முழு மார்க்தான் சார்," என்றாள் அவள். "அந்த பேன்ட்டை உள்ள போய்க் கழட்டிக் குடுங்க, அலசிக் காயப்போடுறேன். கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லையா? எங்ககிட்ட இப்ப ஒரே ஒரு கொடிதான் இருக்கு."